செகண்ட்ஸ் ஜாக்கெட்

எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மிஞ்சியதும் செக்கிங்கில் கழித்ததும் வந்து சேரும் இடம் காதர்பேட்டை. டீ-ஷர்ட், ஜட்டிக் குவியல்களுக்கு நடுவே சில சமயம் தடித்த பிளீஸ் ஜாக்கெட்டுகளும் கிடக்கும். எங்கோ குளிர்தேசத்தில் மலையேறுகிறவர்களுக்காகத் தைத்தவை. போன தீபாவளி லீவுக்கு முன்னால் அப்படி ஒன்றைப் பேரம் பேசி எடுத்தேன். இடது கையில் ஓர் அங்குலம் தையல் விட்டிருந்தது; ஊசி நூலில் நானே மூடினேன். பதினெட்டு வருடமாக பேட்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். குளிருக்கான உடுப்பு எத்தனை தைத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. குளிரில் ஒரு ராத்திரி வெளியே படுத்ததில்லை.

எங்கள் வீட்டில் மலை என்றால் வெள்ளியங்கிரி. மாசி, பங்குனியில் அண்ணன் மூங்கில் தடியோடு கிளம்பிவிடுவார். ஏழாவது மலையில் பல் கிட்டித்துப்போகும் என்பார். பத்து வயதுக்கு மேல், ஐம்பதுக்குக் கீழ் உள்ள பெண்கள் ஏறக்கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் அந்தக் குளிர் எனக்குக் கதையாக மட்டுமே தெரியும்.

பெண்கள் மட்டும் போகும் பாறையேற்ற முகாம், ராமநகரத்தில், இரண்டு ராத்திரி. பெங்களூருக்கு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, 1975-இல் வந்த 'ஷோலே' படம் எடுத்த பாறைகள். வீட்டில் சொன்னதும் அத்தை கேட்டார்: "ராத்திரிக்கு எங்க கண்ணு படுப்பீங்க?"

"கூடாரத்துலீங்க அத்தை."

"கதவு இருக்குதா?"

"ஜிப் இருக்குதுங்க."

அவர் சிரிக்கவில்லை. குளிரைப் பற்றியோ பாறையைப் பற்றியோ ஒரு கேள்வியும் வரவில்லை. மறுநாள் மட்டும், "யாராச்சும் கேட்டா உங்கம்மா ஊட்டுக்குப் போயிருக்கறன்னு சொல்லிக்கறேன்" என்றார். அனுமதி அந்த வடிவத்தில்தான் வந்தது.

பாறையில் பிடிக்க ஒன்றுமில்லை. கருங்கல் சாய்வு, அவ்வளவுதான். மேலே நங்கூரமிட்ட கயிறு, இடுப்பில் ஹார்னஸ், கீழே கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஒரு பெண். கையால் தொங்காதீர்கள், காலை நம்புங்கள் என்றார் பயிற்சியாளர். குதிகாலைத் தாழ்த்தி, பாதத்தின் முன்பகுதியைக் கல்லில் அழுத்தினால் உராய்வே தாங்கும். எவ்வளவு அழுத்துவது என்பது எனக்குப் புதிதல்ல. பெடலில் ஒரு நூலளவு கூடினால் துணி ஓடிவிடும். பதினெட்டு வருடமாக வலது கால் அதைத்தான் செய்கிறது. பாதி உயரத்தில் தொடை நடுங்கியது. கீழே கயிற்றைப் பிடித்திருந்தவள் ஒரு மில் ஹாஸ்டல் பெண், இருபத்திரண்டு வயது, என்னைவிட எடை குறைவு. "நான் பிடிச்சிருக்கேன்க்கா" என்றாள். ஏறினேன்.

ராத்திரி குளிர் நிஜமாகவே வந்தது. அவள் சால்வை மட்டும் கொண்டுவந்திருந்தாள், ஜாக்கெட்டை ஆளுக்குக் கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டோம். ஹாஸ்டல் கேட் சாயங்காலமே பூட்டிவிடுமாம். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனாலும் கூட ஓர் ஆள் வருமாம். வீட்டுக்குப் போகிறேன் என்று இங்கே சொல்லி, லீவு இன்னும் விடவில்லை என்று வீட்டில் சொல்லி, நடுவில் இரண்டு நாளைத் திருடியிருந்தாள்.

பயிற்சியாளர் ஜுன்கோ தபெயின் கதையைச் சொன்னார். ஜப்பான்காரர். 1969-இல் பெண்களுக்கென்று மலையேறும் சங்கம் தொடங்கியவர். எவரெஸ்ட்டுக்குப் பணம் கேட்டுப் போனபோது, போய்ப் பிள்ளையை வளருங்கள் என்று சொன்னார்களாம். பழைய கார் சீட் உறையை வெட்டிக் கையுறை தைத்துக்கொண்டார்கள். 1975 மே 16-ஆம் தேதி அவர் உச்சியில் நின்றார், முதல் பெண்ணாக. நம் மாநிலத்துப் பெண் ஒருவர், முத்தமிழ்ச்செல்வி, அங்கே போய்ச் சேர 2023 ஆனது. எனக்கு உச்சியைவிட அந்தக் கையுறைதான் மனதில் நின்றது. கார் சீட் துணி கெட்டி. சாதாரண ஊசி உடைந்துவிடும். எந்த ஊசி போட்டார்கள் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பதினெட்டாம் நம்பரா இருக்கும்க்கா" என்றாள்.

லீவு முடிந்து வேலைக்குப் போனால், தோலுரிந்த விரல் நுனியில் துணி சிக்கிச் சிக்கி வந்தது. அன்று ராத்திரி அவள் போன் செய்தாள். முட்டிக் காயத்தைப் பார்த்து ஹாஸ்டலில் கேட்டார்களாம். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாளாம்.