முதிய விண்மீன்களின் ஒளி

இருள் சூழ்ந்த இரவில் வானை அண்ணாந்து நோக்குவார்க்கு, வெண்பனிப் படலம் போன்றதொரு பட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நீண்டு கிடப்பது புலனாகும். அதனைப் பால்வழி என்பர். அது வானில் படர்ந்த ஆவியோ, அன்றி வேறு பொருளோ என்று அறிஞர் நெடுங்காலம் ஐயுற்றனர். இத்தாலியரான கலிலியோ தம் சிறு தொலைநோக்கியில் கண்டதை 1610-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். படலம் என எண்ணப்பட்டது எண்ணற்ற விண்மீன்களின் நெருங்கிய கூட்டமே என்பது அன்று தெளிவாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் அதே வினா வேறு வடிவில் மீண்டும் எழுந்தது. இம்முறை ஐயத்திற்கு இடமாயது, கண்ணுக்குப் புலப்படாத எக்ஸ் கதிர். எலும்பைப் படமெடுக்க மருத்துவர்க்கு உதவும் அக்கதிர் வானிலிருந்தும் வருகின்றது. ஆயின், நிலவுலகைப் போர்த்துள்ள காற்று அதனைத் தடுத்துவிடுகின்றது. உயிர்கட்கு அது நன்மை. ஆராய்ச்சியாளர்க்கோ அது ஒரு திரை. 1962-இல் ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவர்தம் குழுவினரும் அத்திரைக்கு மேலே ராக்கெட்டில் கருவியை அனுப்பினர். கதிரவ மண்டலத்திற்கு அப்பாலுள்ள முதல் எக்ஸ் கதிர் ஊற்றை விருச்சிக மண்டலத்தில் கண்டனர். பின்னர்ச் சென்ற செயற்கைக்கோள்கள், பால்வழி நெடுகிலும் மங்கலான எக்ஸ் கதிர்ப் படலம் ஒன்று உண்டெனக் காட்டின.

அப்படலம் வாயுவாயின், அதன் வெப்பநிலை பல கோடி டிகிரி ஆதல் வேண்டும். அத்துணை வெப்பமுற்ற வாயுவைப் பால்வழியின் ஈர்ப்பு பிடித்து நிறுத்த இயலாது. அது சிதறி வெளியேறிவிடும். வெளியேறுவதை ஈடுசெய்ய, புதிய வாயுவை இடையறாது சூடேற்றுவது யாது? அதற்குத் தக்க விடை கிடைக்கவில்லை. படலம் விண்மீன்களின் கூட்டமாயின் இவ்விடர் இல்லை. ஆனால் அவ்விண்மீன்கள் எவை?

விண்மீன்கட்கும் பிறப்பும் முதுமையும் உண்டு. கதிரவனை ஒத்த விண்மீன், எரிபொருள் தீர்ந்தபின் சுருங்கி, ஏறத்தாழ நிலவுலகின் அளவே உடைய வெண்குள்ள விண்மீன் ஆகின்றது. மிகப் பெரிய விண்மீன் வெடித்து, இருபது கிலோமீட்டர் அளவே குறுக்களவுள்ள நியூட்ரான் விண்மீனாகவோ கருந்துளையாகவோ எஞ்சுகின்றது. தனித்திருக்கும் வெண்குள்ள விண்மீன் மெல்ல மெல்லக் குளிர்ந்து ஒளி குன்றும். அருகில் துணை விண்மீன் இருப்பின் நிலை வேறு. துணையின் வாயு ஈர்க்கப்பட்டு வந்து வீழும்; வீழுங்கால் பெருவெப்பமுற்று எக்ஸ் கதிரைச் சொரியும். அவிந்த விளக்கு அயலார் வார்த்த எண்ணெயால் மீண்டும் சுடர்வது போன்றது இது.

இக்கதிரை நுணுகிக் காண 1999-இல் ஏவப்பட்ட தொலைநோக்கிக்குச் சந்திரா எனப் பெயரிட்டனர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய தமிழ் இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். வெண்குள்ள விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டென்றும், அது கதிரவனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்றும் நிறுவியவர் அவரே. அவர் நினைவாகவே அப்பெயர் அமைந்தது.

என்.ஜி.சி. 4697 என்பது முதிய விண்மீன்கள் நிறைந்ததொரு திரள். 2000-ஆம் ஆண்டில் சந்திரா அதனை நோக்கியபோது, முன்னைய கருவிகட்குப் படலமாகத் தோன்றிய ஒளியின் பெரும்பகுதி தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்தது. ஆந்திரமேடாவின் அருகே, ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில், எம் 32 என்னும் சிறு திரள் உள்ளது. அதில் வாயு மிக அரிது. எனினும் அங்கும் மங்கலான ஒளி உண்டு. கதிரவனைச் சூழ்ந்துள்ள எளிய விண்மீன்கள் தம் நிறைக்கேற்பத் தரும் எக்ஸ் கதிரின் அளவோடு அவ்வொளி ஒத்திருத்தலை 2007-இல் ஆய்வாளர் கண்டனர். இறுதியில், பால்வழியின் நடுப்பகுதிக்கு அருகே சிறு பரப்பொன்றைச் சந்திரா ஏறத்தாழ 10 இலட்சம் வினாடிகள் நோக்கியது. 2009-இல் முடிவு வெளியாயிற்று. அப்பரப்பில் 473 ஒளிப்புள்ளிகள் காணப்பட்டன. ஆற்றல் மிக்க கதிர்ப்படலத்தில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது புள்ளிகளாகப் பிரிந்துவிட்டது.

இதனால், படலம் யாவும் கூட்டமே என முடிவு கட்டுதல் பொருந்தாது. பெருந்திரள்கள் பலவற்றில் உண்மையான வெப்ப வாயுவும் நிறைந்துள்ளது. முதிய விண்மீன்களின் பங்கைக் கணித்துக் கழித்தாலன்றி, வாயுவின் அளவு இவ்வளவு எனக் கூற இயலாது. சிறியவற்றை எண்ணாது விடுபவன் பெரியதையும் பிழைபட அளப்பான்.

தொலைவில் நின்று நோக்குவார்க்கு மக்கள் திரளும் உருவற்ற கூட்டமே. அணுகிச் செல்வார்க்கே முகங்கள் தோன்றும். முதுமையுற்று மங்கிய அவ்விண்மீன்கள் ஒவ்வொன்றும் தரும் ஒளி சிறிதே. அச்சிறு ஒளிகள் சேர்ந்தே ஒரு திரளை விளக்குகின்றன என்பது, பொறுத்திருந்து நோக்கியவர்க்கே புலனாயிற்று.