டப்பாவைத் தேடாதீங்க... இடத்தைத் தேடுங்க! விருதுநகர், சிவகாசியில் ஒரு ஜியோகேச்சிங் ஞாயிறு

சாத்தூரிலிருந்து சிவகாசிக்குப் போகும் வழியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் கரிசல் காடு, சீமைக்கருவேலம், ஆங்காங்கே வேப்பமரங்கள். நடுநடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் தீப்பிடித்தாலும் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காக விட்ட இடைவெளி அது. இந்தக் காட்டில் யாராவது போனும் கையுமாகப் புதரோரம் குனிந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தேடினால் என்ன ஆகும்? ரெண்டு நிமிஷத்தில் ஒருத்தர் வந்து நிற்பார். "யாருண்ணே நீங்க, இங்க என்ன தேடுறீங்க?" அவர் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால், உலகம் முழுக்கப் பலர் விடுமுறை நாள்களில் செய்வது இதைத்தான். அந்த விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் ஒரு டப்பாவை எங்கோ மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். உதவியோடு தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சின்ன நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். அவ்வளவுதான் புதையல். தங்கமெல்லாம் கிடையாது.

இதற்குப் பிறந்த தேதியே உண்டு. பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜி.பி.எஸ். சிக்னலை அமெரிக்க அரசு முன்பு வேண்டுமென்றே மழுக்கி வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை முன்னே பின்னே காட்டும். 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. மறுநாளே, மே 3-ம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் காட்டோரமாக ஒரு வாளியை வைத்து, அதன் எண்களை இணையத்தில் வெளியிட்டார். அந்த வாளிக்குள் ஒரு டப்பா பீன்ஸும் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோகேச்சிங்குக்கென்றே தனி இணையதளம் வந்தது. இன்றைக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள், அண்டார்டிகா உட்பட எல்லாக் கண்டங்களிலும்.

தொடங்கப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஸ்மார்ட்போன், ஜியோகேச்சிங் செயலி, இலவசக் கணக்கு, ஒரு பேனா. பேனாவைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் கண்டுபிடிக்கும் கஷ்டத்துக்கு ஒரு மதிப்பெண், போய்ச் சேரும் பாதைக்கு ஒரு மதிப்பெண் என 1 முதல் 5 வரை கொடுத்திருப்பார்கள். புதியவர்கள் இரண்டுமே ஒன்றோ ஒன்றரையோ உள்ளதாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. வெட்டவெளியில் போன் ஐந்து மீட்டர் சுற்றளவுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அதன்பிறகு போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டும். உள்ளே பொம்மை, நாணயம் மாதிரி ஏதாவது இருந்து அதை எடுத்துக்கொண்டால், அதற்குச் சமமாகவோ மேலாகவோ ஒன்றை வைக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட மரியாதை.

சிவகாசிக்காரர்கள் படித்தால் சிரிப்பு வரக்கூடிய விதி ஒன்று இருக்கிறது. டப்பாவுக்குள் வைக்கக் கூடாத பொருள்களின் பட்டியலில் கத்தி, மது, மருந்து, லைட்டரோடு பட்டாசும் வெடிபொருளும் இருக்கின்றன. உணவும் கூடாது, மோப்பம் பிடித்து விலங்குகள் வரும். சிவகாசி அடையாளமாக எதையாவது வைத்தே ஆக வேண்டும் என்றால் பழைய தீப்பெட்டி லேபிள் இருக்கிறது, தினசரி காலண்டர் தாள் இருக்கிறது. வெளிநாட்டில் தீப்பெட்டி லேபிளை ஆல்பம் போட்டுச் சேர்க்கிறவர்கள் உண்டு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2011-ல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில், ஒருவர் மறைத்து வைத்த ஜியோகேச்சிங் டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்து யாரோ போலீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். தெருவை அடைத்து, நிபுணர்களை வரவழைத்து, அந்த டப்பாவை வெடிக்க வைத்து அழித்தார்கள். வெதர்பியிலேயே இப்படி என்றால் வெம்பக்கோட்டையிலும் திருத்தங்கலிலும் எப்படி இருக்கும்?

போலீஸ் பயத்தைக்கூட விட்டுவிடலாம். இந்த விளையாட்டு பிள்ளைகளுக்கு என்ன பழக்குகிறது? புதருக்குள் ஒரு டப்பா கிடந்தால், போய் எடுத்துத் திறந்து பார் என்று பழக்குகிறது. மருந்துக் கலவையும் கழிவுப் பட்டாசும் எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாத ஒரு வட்டாரத்தில், பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது இதற்கு நேர் எதிரானது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவி செய்யவும், என்னவென்று பார்க்கவும் ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். 'கிட்டப் போய்ப் பார்ப்போம்' என்பதற்கு இங்கே கொடுத்த விலை அது.

அதனால் விருதுநகர், சிவகாசி பக்கம் தொடங்குகிறவர்களுக்கு டப்பாவே இல்லாத வகைதான் பொருத்தம். விளையாட்டிலேயே அதற்கு இடம் உண்டு. 'விர்ச்சுவல்' வகையில் எண்கள் நம்மை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகும். அங்கே எதையும் எடுக்க வேண்டாம், கேட்ட கேள்விக்கு அங்கிருப்பதைப் பார்த்துப் பதில் சொன்னால் போதும். பாறை, மண் பற்றிக் கேள்வி கேட்கும் 'எர்த்கேச்' வகையும் அப்படித்தான். எப்படியும் செயலியைத் திறந்தால் அமெரிக்க, ஐரோப்பிய ஊர்களில் தெரிகிற மாதிரி புள்ளிகள் நம் பக்கம் மொய்க்காது. நாமே நம் வீட்டுக்கு ஒன்று தயாரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

விருதுநகர் பஜாரிலிருந்து தொடங்கலாம். ஊரின் இருப்பிடம் ஏறத்தாழ வடக்கு 9° 35′, கிழக்கு 77° 57′. மூன்று நிறுத்தங்கள். முதலாவது, காமராஜர் நினைவு இல்லம். ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்தவரின் வீடு இவ்வளவுதானா என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும். இரண்டாவது, தேசபந்து மைதானம். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி, 1956-ல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்த இடம். இரண்டரை மாதம் கழித்து அக்டோபர் 13-ம் தேதி உயிர் போனது. பெயர் மாறியது 1969-ல். மூன்றாவது, தெப்பக்குளம்.

புதிர் போடுகிறவர் செய்ய வேண்டிய வேலை தலைகீழாகத் தொடங்கும். முதலில் கடைசி இடத்தை முடிவு செய்து, அங்கே போய் நின்று, போனில் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு கேள்வி. ஓர் இலக்கம் 7 என்றால், 'காமராஜர் பிறந்த ஆண்டின் கடைசி இலக்கத்தோடு 4-ஐக் கூட்டு' என்று எழுதலாம். அவர் பிறந்தது 1903. இன்னொன்று 2 என்றால், சங்கரலிங்கனாரின் 1956-ல் கடைசி இலக்கத்திலிருந்து 4-ஐக் கழிக்கச் சொல்லலாம். கலைகளில் (அதாவது ′ குறி போடும் அளவில்) புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை எழுதுவது வழக்கம். மூன்றாவது இலக்கத்தில் ஒன்று பிசகினால் இரண்டு மீட்டர் தள்ளிப் போவோம். முதல் இலக்கத்தில் பிசகினால் 185 மீட்டர், வேறு தெருவுக்கே போய்விடுவோம். கணக்குப் பாடத்தில் 'தசமஸ்தானம் எதுக்குப்பா?' என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கு வெம்பக்கோட்டை. வைப்பாற்றின் கரையில் விஜயகரிசல்குளத்தில் 2022-ல் தொடங்கிய தொல்லியல் அகழாய்வில் சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் கிடைத்தன. புதையல் வேட்டை என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிப்போக இதைவிட வேறு இடம் எது? ஆனால் ஒரு பிடி மண்ணைக்கூடக் கிளறக் கூடாது. ஜியோகேச்சிங்கின் உலக விதியும் அதுதான். எதையும் தோண்டிப் புதைக்கவும் கூடாது, எடுக்கத் தோண்டவும் கூடாது. போகும் வழியில் ஆலைகள் இருக்கும். தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டாம், ஆலைகளைப் போட்டோ எடுக்க வேண்டாம். போன் குறுக்குவழி காட்டினாலும் வேண்டாம்.

பழகிய பிறகு நிஜமாகவே ஒரு டப்பா வைக்கும் ஆசை வந்தால், இடத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். பக்கத்து டப்பாவுக்கும் உங்களுடையதற்கும் 161 மீட்டர் இடைவெளி வேண்டும். இணையதளத்தின் தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்த பிறகே அது வரைபடத்தில் வரும். உள்ளே இருப்பது தெரியும்படியான கண்ணாடி டப்பாவும், மேலே தமிழில் இன்னது என்று எழுதிய தாளும் அவசியம். சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை, தெரிந்தவர் கடை வாசல் என்று நாலு பேர் கண்ணில் படும் இடமே நல்லது. ஆலை, குடோன் பக்கம் எவ்வளவு தூரத்திலும் வேண்டாம்.

மார்ச் முதல் ஜூன் வரை பகலில் கிளம்பாதீர்கள், விருதுநகர் வெயில் போனையே சூடாக்கி அணைத்துவிடும். கருவேல முள்ளுக்குச் செருப்பு பத்தாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பஜார் வேட்டையைச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தொடங்கி, கடைசி எண்ணை ஓர் எண்ணெய் பரோட்டாக் கடை வாசலில் முடியும்படி வைத்துப் பாருங்கள். கடைசி இரண்டு கணக்கைப் பிள்ளைகள் போடும் வேகமே தனி.