ஈர்க்குச்சி அளவு

நாய் கடித்தால் ஊசி போடலாம். ஷூ கடித்தால் என்ன செய்வது? சிரிக்காதீர்கள். மெக்கானிக்கல் முதலாமாண்டில் சேர்ந்த புதிதில் எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி வேறு இருக்கவில்லை.

விக்கிரமங்கலத்தில் பத்தாவது முடிக்கிற வரை எனக்கும் செருப்புக்கும் அவ்வளவாகப் பழக்கம் கிடையாது. வயல், வரப்பு, கடைத்தெரு எல்லாம் வெறுங்கால்தான். அட்மிஷன் கிடைத்ததும் லெதர் ஷூ கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரியே அப்பா விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினார். என்னைத் தரையில் நிற்க வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை பிடித்து, பட்டென்று ஒடித்தார். மறுநாள் காலை பஸ்ஸில் அரியலூர் போய், சட்டைப் பையில் இருந்த அந்தக் குச்சியை வைத்துப் பார்த்தே கறுப்பு ஷூ வாங்கி வந்துவிட்டார். கடலை விற்ற காசு.

நீளத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகில்லை. ஆனால் சுண்டுவிரல் பக்கம் இடுக்கியில் மாட்டின மாதிரி! இரண்டாம் நாளே கொப்புளம். நான்காம் நாள் சாக்ஸில் ரத்தம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்பார்: "ஷூ எப்படிடா இருக்கு?" "சூப்பரா இருக்குப்பா." சாக்ஸைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் நானே அலசிக் காயப்போட்டு விடுவேன்.

வகுப்பில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். தண்ணீரில் ஊற வைத்து வெயிலில் காய வை என்றான் ஒருத்தன். பாலிதீன் பையில் தண்ணீர் கட்டி ஷூவுக்குள் திணித்து ஃப்ரீஸரில் வை, ஐஸ் விரிந்து ஷூவையும் விரிக்கும் என்றான் இன்னொருத்தன். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும் என்பது உண்மைதான். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்பதும் உண்மைதான். நான் கண்டுபிடித்த வழி வேறு. ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு நடந்தேன்.

ஃபிட்டிங் ஷாப்பில் ஒருநாள் வைஸிலிருந்து எம்.எஸ். பிளேட் நழுவி, மூடாத என் குதிகாலுக்கு ஓர் அங்குலம் தள்ளி விழுந்தது. அப்போதுதான் சார் என் காலைப் பார்த்தார். "ஒழுங்கா ஷூ போட்டுக்கிட்டு உள்ளே வா. இல்லேன்னா அட்டெண்டன்ஸ் கிடையாது."

அன்றே சாலையோரம் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனேன். அவர் முதலில் ஷூவைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். "மண்ணுல நடந்து விரிஞ்ச காலு தம்பி. இது ஒடுக்கு அச்சுல செஞ்ச ஷூ." பிறகு கட்டைவிரலால் மேல்தோலை அழுத்தி, "நல்லவேளை, நெஜத் தோலு. ரெக்ஸினா இருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கடிக்கிற இடத்தில் உள்ளே ஈரத்துணியால் ஒற்றி, மரக்கட்டை அச்சில் அதே இடத்தில் ஒரு தோல்துண்டு ஒட்டி, ஷூவுக்குள் இறுக்கிச் செருகினார். "நாளைக்கு சாயங்காலம் வா." வெயிலில் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "வெச்சா அப்பளம் ஆயிடும்" என்றார்.

இது நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் சமாச்சாரம்தான். தோல் என்பது கொலாஜன் நார்களின் பின்னல். ஈரம் பட்டால் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று நகரும். இழுத்துப் பிடித்து உடனே விட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பும். ஒரு ராத்திரி முழுக்க இழுத்தபடி உலர விட்டால் நீட்சியில் ஒரு பகுதி அப்படியே தங்கிவிடும். ஆனால் அகலத்தில் கொஞ்சம் கிடைக்கும், நீளத்தில் கிடைக்காது. விரல் முட்டுகிற ஷூவை எந்தப் பெரியவராலும் காப்பாற்ற முடியாது.

மீதியை நானே முடித்தேன். தடித்த சாக்ஸ் போட்டு தினமும் அரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடை. குதிகால் உரசும் இடத்தில் உள்பக்கம் மெழுகுவத்தித் தேய்ப்பு. இரண்டு வாரத்தில் ஷூ அடங்கிவிட்டது. (சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இப்படிப் பழக்கிப் பார்க்கக் கூடாது. கடித்தால் உடனே கழற்றிவிட வேண்டும்.)

பெரியவர் சொன்ன 'ஒடுக்கு அச்சு' மட்டும் மனதில் நின்றது. ஷூவில் போட்டிருக்கும் 7, 8 என்பது இங்கிலாந்து அளவு. ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். அது நீளம் மட்டுமே. அகலத்தைப் பற்றி அந்த நம்பர் வாய் திறக்காது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. நம் பாதம் சராசரியாக ஐரோப்பியர் பாதத்தைவிட அகலம் என்று தெரிந்தது. அதை வைத்து இந்தியப் பாதத்துக்கென்றே 'பா' என்ற அளவு முறையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஆக, கோளாறு என் காலில் இல்லை!

இதை அப்பாவிடம் சொல்லும்போது சாக்ஸ் அலசிய கதையும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்ல?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

போன ஜூனில் தங்கச்சிக்கு ஸ்கூல் ஷூ வாங்க வேண்டியிருந்தது. நடந்து நடந்து சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும், அப்போது அளப்பதுதான் சரி என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். "அவ பஸ்ல வாந்தி எடுப்பாடா" என்றார். விளக்கு வைக்கிற நேரத்தில் அவளைத் திண்ணையில் நிற்க வைத்து, விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவினார். நீளத்துக்கு ஒன்று ஒடித்தார். பிறகு இன்னொன்றை உருவி, பாதத்துக்குக் குறுக்கே வைத்தார்.