முதல் ஊசிக்கு முன் எடுக்காத ரத்தம்

திண்டுக்கல் பேகம்பூர் தோல் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனார். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட வந்த மகன், கேஸ் ஷீட்டோடு ஒரு பத்திரிகைச் செய்தியையும் என் மேசைமேல் வைத்தார். ரத்தத்தில் உள்ள கிருமியை அதன் மரபணு வரிசையைப் படித்தே கண்டுபிடிக்கும் சோதனை பற்றியது அது. “இந்த டெஸ்ட்டை எடுத்திருந்தா அத்தா பொழைச்சிருப்பாங்கல்ல சார்?” என்றார்.

கேள்வியில் நியாயம் இருந்தது. வழக்கமான கல்ச்சர் சோதனையில் கிருமி குப்பிக்குள் உயிரோடு வளர்ந்தாக வேண்டும். பொதுவாக ஐந்து நாள்வரை பார்ப்பார்கள். ஆன்டிபயாடிக் முன்பே உடம்பில் ஏறிவிட்டால் பல சமயம் வளராது. மரபணுச் சோதனையோ, செத்த கிருமி ரத்தத்தில் விட்டுச்சென்ற டிஎன்ஏ துணுக்குகளையும் படித்துவிடும். நோயாளியின் தோலிலிருந்து ஒட்டிக்கொள்ளும் கிருமிகளையும் சேர்த்துக் காட்டக்கூடும் என்பதால், முடிவை மருத்துவர்தான் எடைபோட வேண்டும்.

இருந்தாலும் அந்த வாதம் நிற்காது என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சம்பவ நாளில் இருந்த அறிவைக் கொண்டே மருத்துவரை அளக்க வேண்டும், அன்று பரவலாகக் கிடைக்காத கருவியைப் பயன்படுத்தாதது அலட்சியமாகாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் வகுத்துவிட்டது. சிறிய ஊர் மருத்துவமனைகளுக்கு அது தேவையான பாதுகாப்புதான்.

கேஸ் ஷீட்டில் வேறொன்று கண்ணில் பட்டது. முதல் ஆன்டிபயாடிக் ஊசி போட்டது இரவு பத்து மணிக்கு. கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தது மறுநாள் காலை. ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்த அறிக்கையைக் காட்டி, ரத்தத்தில் கிருமியே இல்லை என்றது எதிர்த்தரப்பு. மருந்துக்கு முன் ரத்தம் எடுப்பது பழைய நடைமுறை. சில நிமிட வேலை, அதனால் சிகிச்சையும் தள்ளிப்போகாது. இதைச் சொல்ல நிபுணர் சாட்சி எதற்கு என்று வாதிட்டேன். மலேரியாவுக்கு டைஃபாய்டு சிகிச்சை தரப்பட்ட கிஷன் ராவ் வழக்கில், எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி தேவையில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது கைகொடுத்தது.

சேவைக் குறைபாட்டை ஆணையம் ஏற்றது. மரணத்துக்கு அதுவே காரணம் என்று நிரூபணமாகவில்லை என்பதால், சிறு தொகையோடு நிறுத்திக்கொண்டது. காரணத்தை நிரூபிக்க வேண்டிய சுமை மகன் தலையில். நிரூபித்திருக்கக்கூடிய ரத்தமோ உரிய வேளையில் எடுக்கப்படவே இல்லை. யார் பொறுப்பில் சான்று கைநழுவியதோ, பதில் சொல்ல வேண்டியவர் அவரே என்று அன்று வாதிட்டேன். இன்றும் அதையே சொல்வேன்.

மரபணுச் சோதனை நாளை திண்டுக்கல்லிலேயே கிடைக்கலாம். அப்போதும் ரத்தம் எடுத்த நேரமும் மருந்து கொடுத்த நேரமும் தாளில் இருந்தால்தான் அதன் முடிவு வழக்கில் பேசும். ஆகவே கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி.