எருவின் கறுப்பைத் தேடி

நன்றாக மக்கிய எருவை அள்ளினால் விரலிடுக்கில் ஒரு கறுப்பு ஒட்டிக்கொள்ளும். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கழித்துப் போடும் முட்டைக்கோஸ் இலை, வாழைத்தண்டு, வாடிய கீரை, இளநீர்க் கூடு எதிலும் அந்த நிறம் கிடையாது. சில மாதம் குவியலாகக் கிடந்தபின் எங்கிருந்து வருகிறது அது? மாடித் தோட்டத்துக்கு எரு போடத் தொடங்கிய நாள் முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதல் தடயம் உரக்கடையில் கிடைத்தது. ‘ஹியூமிக் அமிலம்’ என்று சீட்டு ஒட்டிய கேனைக் காட்டி, “எருவுல இருக்கிற கறுப்புச் சத்துதான் சார் இது. ஆனா எருவுலேர்ந்து எடுக்கறதில்ல, பழுப்பு நிலக்கரியிலேர்ந்து எடுக்கறாங்க” என்றார் கடைக்காரர்.

நிலக்கரி என்றதும் தேடல் பக்கத்து ஊருக்கே வந்துவிட்டது. பிரெஞ்சு ஆட்சியில், 1884 வாக்கில், பாகூர்ப் பக்கம் ஊற்றுக் கிணறுகளுக்காகத் துளை போட்டபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்று நீரோடு கரித்தூள் வந்தது. 1956இல் அங்கே சுரங்க நிறுவனம் அமைந்தது. நெய்வேலி நிலக்கரியிலிருந்து பிரித்த ஹியூமிக் அமிலத்தைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தார் பயிர்களில் சோதித்திருக்கிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த காடும், சென்ற பருவத்தில் மக்கிய கீரையும் ஒரே பொருளைத் தருமா? அதை அறிய வேதியியலின் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது.

ஃபிரான்ஸ் கார்ல் ஆகார்டு என்ற ஜெர்மானியர் 1786இல், சதுப்பு நிலத்தில் படிந்த கரிமண்ணைக் காரக் கரைசலில் ஊறவைத்தார். கரைசல் கறுத்தது. அதில் அமிலம் விட்டதும் கறுப்பு திரண்டு அடியில் படிந்தது. இன்றைய ஆய்வகங்களிலும் அடிப்படை முறை இதுதான். எருவைச் சலித்து, நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் குலுக்குவார்கள். காரத்தில் கிடக்கும் பொருளைக் காற்றின் ஆக்சிஜன் மாற்றிவிடும் என்பதால் நைட்ரஜன் வாயுவின் கீழ் செய்வது நல்ல முறை. வடித்த கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, கார அமில நிலையை (pH) 1க்குக் கொண்டுவந்தால் திரண்டு படிவது ஹியூமிக் அமிலம். மேலே மஞ்சளாகத் தங்குவது ஃபல்விக் அமிலம். காரத்திலும் கரையாமல் நிற்பது ஹியூமின்.

சரி, அந்தக் கறுப்பு உருவாவது எப்படி? குவியல் முதலில் 55, 60 டிகிரிக்கு மேல் சூடேறும். சர்க்கரை, மாவு, புரதம் ஆகியவற்றை நுண்ணுயிர்கள் முதலில் தின்று தீர்க்கும். சூடு தணிந்தபின் பூஞ்சைகளும் ஆக்டினோமைசீட்களும் நார், மட்டை ஆகியவற்றின் லிக்னினைப் பிடிக்கும். அது உடைந்து வரும் ஃபீனால்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து குயினோன்களாகி, நைட்ரஜன் உள்ள மூலக்கூறுகளோடு பிணையும்போது நிறம் அடர்கிறது. நறுக்கிய வாழைக்காய் காற்றுப் பட்டுக் கறுப்பதும் ஏறக்குறைய இதே வேதிவினைதான்.

அதனால்தான் ஆய்வாளர்கள் ஒரே குவியலில் வெவ்வேறு வாரங்களில் மாதிரி எடுக்கிறார்கள். எரு முதிர முதிர ஃபல்விக் குறைந்து ஹியூமிக் கூடுகிறதா என்று பார்க்கிறார்கள். கரைசல் 465 நானோமீட்டர் ஒளியை விழுங்கும் அளவை 665இல் விழுங்கும் அளவால் வகுக்கிறார்கள். ஹியூமிக் அமிலத்தில் இந்த எண் பெரும்பாலும் 5க்குக் கீழே இருக்கும். சிறிய மூலக்கூறுகள் மிகுந்த ஃபல்விக்கில் கூடுதலாக இருக்கும்.

நம் ஊரிலேயே இதற்கு நெருக்கமான நல்ல வேலை நடந்திருக்கிறது. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் எஸ். ஏ. அப்பாசி, தஸ்னீம் அப்பாசி குழுவினர் உண்ணிச்செடியையும் பார்த்தீனியத்தையும் மண்புழுக்களுக்குக் கொடுத்தார்கள். பிற செடிகளை வளரவிடாத களைகள் இவை. கிடைத்த உரத்தை அகச்சிவப்பு நிறமாலையில் ஆராய்ந்தபோது, அந்த நஞ்சுத் தன்மைக்குக் காரணமான ஃபீனால்களும் லாக்டோன்களும் சிதைந்திருந்தன. கெடுதல் செய்த செடி பயிருக்கு உரமாக மாறியதற்கு வேதியியலே சாட்சி சொல்கிறது. ஊரெங்கும் புதராகக் கிடக்கும் களையை இப்படி மாற்ற முடிகிறது என்பது எனக்குப் பெரும் நம்பிக்கை தந்தது.

ஆனால் தேடல் அங்கே முடியவில்லை. 2015இல் யோஹன்னஸ் லேமன், மார்க்கஸ் கிளெபர் இருவரும் ‘நேச்சர்’ இதழில் அடித்தளத்தையே கேள்வி கேட்டார்கள். மண்ணில் இருப்பது, பல நிலைகளில் சிதைந்துகொண்டே போகும் கரிமப் பொருள்களின் தொடர்ச்சி. ஹியூமிக் அமிலம் என்று நாம் அளப்பது கடுமையான காரம் இழுத்துத் தருவது என்றார்கள். மறுப்பவர்களும் உண்டு, வாதம் ஓயவில்லை. எனக்குக் கடைக்காரர் சொன்னதன் பொருள் அப்போதுதான் தெளிவானது. நிலக்கரியும் எருவும் ஒரே சோதனைக்கு ஒரே மாதிரி விடை தருகின்றன. அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது. கேனில் உள்ளது ஒரு பகுதி மட்டும். எருவில் உயிர் இருக்கிறது, நாரும் தழைச்சத்தும் இருக்கின்றன, நீரைப் பிடித்துவைக்கும் உடம்பு இருக்கிறது.

ஆகவே கறுப்பை மட்டும் நம்பக் கூடாது. இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை நகர்க் குப்பை எருவுக்கு அடர் பழுப்பு முதல் கறுப்பு வரையான நிறத்தைக் கேட்கிறது. கூடவே கரி, தழைச்சத்து விகிதம் 20க்கு மேல் போகக் கூடாது, கெட்ட வாடை கூடாது, ஒரு கிலோவில் ஈயம் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, காட்மியம் 5ஐத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. பேட்டரியும் பிளாஸ்டிக்கும் கலந்த குப்பை மக்கினாலும் கறுப்பாகத்தான் இருக்கும்.

எருவின் கறுப்பு எங்கே பிறக்கிறது என்று இப்போது யாராவது கேட்டால், நம் வீட்டுச் சமையலறையில், ஈரக் குப்பையைத் தனியாக எடுத்து வைக்கும் வாளியில் என்பேன். பிரிக்காமல் குரும்பாபேட்டைக் குப்பை மேட்டில் கொட்டியதை எந்த ஆய்வகமும் நல்ல எருவாக்கித் தராது. பிரித்த காய்கறிக் கழிவை முழுக் காலம் முதிரவிட்டு, சோதனைச் சீட்டோடு பாகூர் நெல் வயல்களுக்குக் கொடுக்க நம் நகராட்சிகள் முன்வர வேண்டும். அந்த நெல்லை உண்கிற நாம் நகராட்சிகளிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.