கழுத்துக்கு எத்தனை இஞ்ச்?

உங்கள் கழுத்தின் சுற்றளவு என்ன என்று தெரியுமா? இடுப்பளவு எல்லோருக்கும் தெரியும். வருஷா வருஷம் ஏறுவதால் மறக்க முடியாது. கழுத்தை யாரும் கவனிப்பதில்லை. ரெடிமேட் சட்டையின் காலரைப் புரட்டிப் பாருங்கள், 40, 42 என்று சென்டிமீட்டரில் போட்டிருக்கும். நாற்பதைத் தாண்டியிருந்தால் மேற்கொண்டு படியுங்கள். தாண்டாவிட்டாலும் படிக்கலாம், பக்கத்தில் படுப்பவருக்கு உதவும்.

எனக்கு இந்தக் கழுத்து விவகாரத்தை முதலில் சொன்னவர் டாக்டர் இல்லை. திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்கிற நண்பர். காதர்பேட்டை தெரியாதவர்களுக்கு: ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னத் தெருக்கள், தெருவெல்லாம் டீ-ஷர்ட். வெளிநாட்டு ஆர்டரில் மிச்சமானது, ஒரு தையல் விலகியதால் தள்ளுபடியானது, எல்லாம் இங்கே வந்து மலையாகக் குவியும். கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்து மூட்டை மூட்டையாக அள்ளிப் போவார்கள். நண்பரின் ஸ்பெஷாலிட்டி, பெரிய சைஸ். அமெரிக்காக்காரனுக்குத் தைத்த மூன்று எக்ஸ் எல்லாம் அவரிடம்தான் கிடைக்கும். அவரே தன் சரக்குக்கு நல்ல மாடல்.

அவரிடம் ஒரு விசேஷம். காலை பதினொரு மணிக்கு, பாலக்காட்டு வியாபாரி விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கும்போதே கல்லாவில் சாய்ந்து தூங்கிவிடுவார். தெரிந்தவர்கள் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்து பேரத்தைத் தொடர்வார்கள். "விலை இறங்காம இருக்கறதுக்கு இது ஒரு டெக்னிக்குங் சார்" என்று அவரே சிரிப்பார்.

அவருடைய மூத்த பையன் டெக்சாஸில் சாஃப்ட்வேர். ஞாயிற்றுக்கிழமை நாமெல்லாம் மட்டன் எடுக்கப் போனால் அவன் செஸ்னா விமானம் ஓட்டப் போவான். சொந்த சந்தோஷத்துக்கு ஓட்டுகிற பிரைவேட் பைலட் லைசென்ஸ். போன வருஷம் மெடிக்கலுக்குப் போனபோது டாக்டர் கழுத்தை அளந்திருக்கிறார். பதினேழரை இஞ்ச். தூக்கத்தைப் பரிசோதித்து 90 நாளுக்குள் ரிப்போர்ட் தரச் சொல்லி, கையில் ஒரு பேப்பரைக் கொடுத்துவிட்டார்.

நண்பர் என்னிடம் பொருமினார்: "ஏனுங் சார், ஏரோப்ளேன் ஓட்டறதுக்குக் கண்ணைப் பாப்பாங்க, காதைப் பாப்பாங்க. கழுத்தை எதுக்குங் அளக்கறாங்க? டீ-ஷர்ட் தைச்சுக் குடுக்கப்போறாங்களா?"

நியாயமான கேள்வி. பதில் அவர் தொழிலிலேயே இருக்கிறது. பனியன் துணி வட்ட மெஷினிலிருந்து குழாயாகத்தான் இறங்கும். உள்ளே காற்று இருந்தால் உப்பி நிற்கும், காற்று போனால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். நம் தொண்டையும் அப்படி ஒரு குழாய். விழித்திருக்கும்போது தசைகள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. தூங்கினால் தளர்கின்றன. கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு அழுத்தினால், நாக்கும் பின்னால் சரிந்தால், குழாய் மூடிக்கொள்ளும். மார்பு மூச்சுக்குத் தவிக்கும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஆளை உலுக்கும். ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். பத்து விநாடிக்கு மேல் நின்றால் அது ஒரு கணக்கு. மணிக்கு ஐந்துக்குள் என்றால் நார்மல். முப்பதைத் தாண்டினால் தீவிரம். ஆசாமிக்குக் காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் தூங்கியதாக சத்தியம் செய்வார், பதினொரு மணிக்குக் கல்லாவில் சாய்வார். ஸ்லீப் அப்னியா என்பது இதுதான்.

கல்லாவில் சாய்ந்தால் பரவாயில்லை. 2008 பிப்ரவரி 13 அன்று ஹவாய்த் தீவுகளில் ஹோனலூலுவிலிருந்து ஹிலோவுக்கு 40 பயணிகளோடு ஒரு விமானம் கிளம்பியது. பட்டப்பகல். கன்ட்ரோல் டவர் கூப்பிடுகிறது, பதினெட்டு நிமிஷம் பதிலே இல்லை. பைலட்டுகள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். விமானம் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி 26 கடல் மைல் போய், அப்புறம் விழித்துத் திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது. கேப்டனைப் பரிசோதித்தபோது தீவிரமான ஸ்லீப் அப்னியா. அதுவரை அவருக்கே தெரியாது.

நம் ஊர்க் கதை இப்படிச் சுபமாக முடியவில்லை. 2010 மே 22, துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். காக்பிட் ஒலிப்பதிவில் கேப்டனின் குறட்டை பதிவாகியிருந்தது. ஒரு மணி நாற்பது நிமிஷம் தூங்கியிருக்கிறார். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்தவருக்குத் தூக்கக் கலக்கம் தெளியவில்லை, துணை பைலட் 'மேலே தூக்குங்கள்' என்று எச்சரித்தும் இறக்கினார் என்றது விசாரணை அறிக்கை. அவருக்கு அப்னியா இருந்தது என்று அறிக்கை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தூக்கம் என்பது பைலட்டின் சொந்த விஷயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த விமானங்களில் பக்கத்து சீட்டில் ஒருவராவது இருந்தார். செஸ்னாவில் பையன் தனி ஆள்.

இதில் எனக்கு சுவாரஸ்யமாகப் பட்டது, அமெரிக்க பைலட்டுகள் போட்ட சண்டை. 2013 நவம்பரில் அங்குள்ள விமானத்துறையின் தலைமை டாக்டர் ஓர் அறிவிப்பு விட்டார். உயரத்துக்கும் எடைக்கும் போடுகிற பி.எம்.ஐ. கணக்கு 40-ஐத் தொட்டால், தூக்கப் பரிசோதனை முடிக்கிற வரை லைசென்ஸுக்கான மெடிக்கல் கிடையாது. பைலட் சங்கங்கள் கொதித்துவிட்டன. குண்டாக இருப்பது குற்றமா? பரிசோதனைச் செலவை யார் தருவார்கள்? அது முடியும்வரை தரையில் உட்கார வேண்டுமா? 2015 மார்ச்சில் விதியை மாற்றினார்கள். எடையை மட்டும் பார்க்காமல் குறட்டை, பகல் தூக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் வந்தாலும் மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் கொடுத்துவிடலாம். 90 நாள் அவகாசம், அதுவரை பறக்கலாம்.

முதல் விதிதானே பாதுகாப்பு என்று தோன்றும். எனக்கு இரண்டாவதுதான் கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது. உண்மை சொன்னால் லைசென்ஸ் போகும் என்றால் எவன் சொல்வான்? 'குறட்டை விடுவீர்களா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடிக்க எவ்வளவு நேரமாகும்?

பைலட்டை விடுங்கள், நம் லாரி டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரி 20 விடியற்காலை, அவிநாசி பைபாஸில் டைல்ஸ் ஏற்றிய கன்டெய்னர் லாரி சென்டர் மீடியனைத் தாண்டி, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசு பஸ் மேல் மோதியது. 19 பேர் இறந்தார்கள். லாரி டிரைவர் கண் அசந்துவிட்டார் என்றது விசாரணை. வெறும் அசதியா, வியாதியா என்று கேட்கிற வழக்கமே நம்மிடம் இல்லை. லைசென்ஸுக்கான மருத்துவப் படிவத்தில் பார்வை கேட்பார்கள், காது கேட்பார்கள், வலிப்பு கேட்பார்கள். குறட்டைக்குக் கட்டம் கிடையாது. இருந்தாலும் அன்றாட வாடகைக்கு ஓடுகிறவர் 'ஆமாம்' என்று எழுதுவாரா?

பையனுக்கு டெஸ்ட்டில் அப்னியா என்று வந்தது. இரவில் முகமூடி மாட்டிக் காற்று ஊதுகிற சி-பாப் மெஷின் கொடுத்தார்கள். (ஆஸ்திரேலியாவின் காலின் சலிவன் என்ற டாக்டர் 1981-ல் உலகத்துக்குச் சொன்ன வைத்தியம். மருந்து கிடையாது, வெறும் காற்று.) நண்பருக்கு இதை விளக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சாயப்பட்டறையில் ஈரத் துணிக் குழாய்க்குள் காற்று ஊதி பலூன் மாதிரி உப்பவைத்துப் பிழிவார்களே, அதேதான்.

"அட, அம்புட்டுத்தானுங்களா?" என்றார்.

அப்போதுதான் நான் பாக்கெட்டிலிருந்து பேப்பரை எடுத்தேன். டொரன்டோவில் 2008-ல் வெளியிட்ட எட்டுக் கேள்விப் பட்டியல், உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் கேட்பது. சத்தமான குறட்டையா? பகலில் சோர்வா? மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? பி.பி. இருக்கிறதா? பி.எம்.ஐ. 35-க்கு மேலா? வயது ஐம்பதுக்கு மேலா? கழுத்து 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? ஐந்து 'ஆமாம்' வந்தாலே ஆபத்து அதிகம். கடைப் பையன் இஞ்ச் டேப்போடு தயாராக வந்து நின்றான். பதினெட்டு. நண்பருக்கு ஏழு தேறியது. மூன்றாவது கேள்விக்கு மட்டும், "அதெல்லாம் யாரு சார் பாத்தா?" என்றார்.

சாயங்காலம் அவர் வீட்டம்மாவிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இருபது வருசமா பாத்துட்டுத்தானுங்க இருக்கேன். மூச்சு நின்னுச்சுன்னா எனக்கு முழிப்பு வந்துரும். எண்ணுவேனுங்க. இருபது வரைக்கும் பாப்பேன், அப்புறம் தோளைப் புடிச்சு உலுக்குவேன். இதைய டாக்டர்கிட்ட சொல்லோணும்னு யாரும் சொல்லலீங்களே."

நண்பர் தலையைத் தூக்கவில்லை. சரக்கு விஷயமாக ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பித் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு கொச்சி போகிறவர் அவர். அதே அவிநாசி பைபாஸ் வழியாக. காரில் தோளை உலுக்க யாரும் இல்லை.

மறு வாரமே கோயம்புத்தூரில் டெஸ்ட் எடுத்தார். மணிக்கு 42 தடவை. மெஷின் வந்த முதல் ராத்திரி வீட்டில் அப்படி ஒரு நிசப்தமாம். அந்தம்மா பயந்துபோய் இரண்டு தரம் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாராம்.

கொச்சிக்கு இப்போதைக்கு டிரைவர் வைத்துப் போகிறார். முன்பெல்லாம் பையன் போன் செய்தால் "சாப்ட்டியா?" என்பதோடு முடித்துக்கொள்வார். இப்போது அரை மணி நேரம் பேச்சு ஓடுகிறது. பையன் தூங்கும் இரவுகளில் முக்கால்வாசியாவது, சராசரி ஆறு மணி நேரம் மெஷின் போட்டதாகக் கணக்குக் காட்டினால்தான் பறக்க விடுவார்கள். அதனால் வாராவாரம் நம்பரை ஒப்பிடுகிறார்கள்.

"உனக்கு ஆறு மணி பத்து நிமிசமா? எனக்கு ஏழு" என்று காதர்பேட்டை முழுக்கக் கேட்கும்படி கத்துகிறார்.