ஓர் 'ஆம்' கற்பித்த பாடம்

பரீட்சை என்ற சொல் இளமையோடு ஒழிந்துபோகும் என்று எண்ணியிருந்தவர்களுள் நாமும் ஒருவர். பாடசாலையை விட்டு நீங்கிய அன்றே பேனாவையும் பயத்தையும் ஒருங்கே மூடிவைத்துவிட்டோம் என்று மகிழ்ந்திருந்தோம். ஆயினும் விதி எம்மை நாற்பத்தெட்டாம் வயதிலே, சிசிலித் தீவிலே, எமது பிள்ளைகளின் வயதொத்த மாணவர்களோடு ஒரே மண்டபத்தில் உட்காரவைத்தது. நாம் எழுதப் புகுந்தது இத்தாலிய மொழிப் பரீட்சை. அதிலும் உயர்படிப் பரீட்சை.

சிசிலியின் தலைநகராகிய பலெர்மோ எம்மவர்க்கு அந்நியமான ஊரன்று. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே ஒரு மகனோ மருமகனோ உண்டு. அந்நகரின் காவற் புனிதையான ரொசாலியா அம்மையின் பெல்லெக்ரீனோ மலைக்கு எம்மவர் கிறிஸ்தவர், சைவர் என்ற பேதமின்றி ஏறிச்சென்று வணங்கி வருவது பிரசித்தமான செய்தி. 2004 ஆம் ஆண்டில் நாம் அங்கே போய்ச் சேர்ந்தோம். உணவுச்சாலைகளில் பாத்திரம் கழுவினோம். வீடுகளைத் துப்புரவு செய்தோம். மொழியைக் கண்ணாலன்றிக் காதாற் கற்றோம். சந்தையில் மீன் விலை பேசவும், வீட்டுக்காரரோடு வாடகைக்கு வழக்காடவும் வல்லவரானோம். 'இத்தாலியன் தெரிந்த ஆள்' என்ற பெயரும் எமக்கு வாய்த்தது. யாருக்குக் கடிதம் வந்தாலும் எம்மிடமே வாசிக்கக் கொண்டுவருவார்கள். அந்தப் பெருமையே எமக்கு வினையாயிற்று.

2017 ஆம் ஆண்டிலே ஒருநாள், எம்மவர் கூடும் பலசரக்குக் கடையில் ஒருவர் பத்திரிகையொன்றை எம்மிடம் நீட்டினார். எம்மூர்ப் பையன் ஒருவன் வேலை செய்த இடத்திற் பணம் காணாமற்போன செய்தி அதில் வந்திருந்தது. நாம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரத்து வாசித்தோம். அங்கே இருந்த சொல் 'அவ்ரெபே ருபாதோ' என்பது. 'ருபாதோ' என்றால் திருட்டு என்பது எமக்குத் தெரியும். அதற்கு முன்னே நின்ற 'அவ்ரெபே' எமக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. "பணத்தைத் திருடினான் என்று போட்டிருக்கிறது" என்று சொல்லி முடித்தோம்.

சொல் எம் வாயை விட்டுப் போயிற்று. பின்னர் அது எமது வசத்தில் இல்லை. அன்றிரவே தொலைபேசி வழியாக அது கடல் கடந்து அப்பையனின் தாயின் வீட்டு வாசலை எட்டிற்று. பேசி முடித்திருந்த கலியாணம் ஒன்று நின்றது. சில மாதங்களுக்குப் பின், பணம் களவு போகவேயில்லை, கணக்கெழுதியவரின் தவறே அது என்று தெரியவந்தது. ஆனாற் கலியாணம் திரும்பி வரவில்லை. அவன் ஒருநாள் எம்மைத் தேடி வந்தான். கோபிப்பான் என்று எதிர்பார்த்தோம். அவனோ மெல்ல, "அண்ணை, பேப்பரிலை அப்பிடித்தானோ எழுதியிருந்தது?" என்று மட்டும் கேட்டான். "ஓம்" என்று சொன்னோம். அப்படித்தான் என்று அப்போது மெய்யாகவே நம்பியிருந்தோம்.

அந்தக் கேள்வி எம்மைத் தூங்கவிடவில்லை. அந்நகரில் மாலை நேரத்தில், இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் பிறநாட்டவர்க்கு இத்தாலியம் கற்பித்து வந்தார். பத்திரிகைத் துண்டை அவரிடம் கொண்டு சென்று காட்டினோம். அம்மையார் வாசித்துவிட்டு, "இவன் திருடினான் என்று இங்கே எழுதியில்லையே! திருடியதாகச் சொல்லப்படுகிறது என்றல்லவா இருக்கிறது?" என்றார். நிரூபிக்கப்படாத ஒன்றை எழுதும்போது இத்தாலியப் பத்திரிகைகள் வினைச்சொல்லின் உருவையே மாற்றிவிடும் என்றும், அந்த மாற்றமே 'அவ்ரெபே' என்றும் விளக்கினார்.

எமக்கு இடி விழுந்ததுபோல் இருந்தது. ஏனெனில், அது எமக்குத் தெரியாத நுட்பமன்று. தமிழிலே 'திருடினான்' என்பதற்கும் 'திருடினானாம்' என்பதற்கும் உள்ள பேதத்தைச் சிறு பிள்ளையும் அறியும். கண்டதைச் சொல்வது ஒன்று. கேட்டதைச் சொல்வது வேறொன்று. அவ்விரண்டுக்கும் நடுவே 'ஆம்' என்ற சிறு வேலியை எமது முன்னோர் கட்டிவைத்திருக்கிறார்கள். இத்தாலியரும் தமது மொழியில் அதே இடத்தில் ஒரு வேலி கட்டியிருக்கிறார்கள். நாம் அதைக் காணாமல் மிதித்துக்கொண்டு போய்விட்டோம்.

அன்றே மொழியை அடியிலிருந்து கற்பது என்று தீர்மானித்தோம். நண்பர்கள் நகைத்தார்கள். ஐரோப்பாவிலே மொழியறிவை ஆறு படிகளாக வகுத்திருக்கிறார்கள். இத்தாலியக் குடியுரிமை கேட்போருக்கு 2018 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மூன்றாம் படியின் அறிவு வேண்டும் என்று சட்டம் வந்தது. "மூன்று போதுமே, ஐந்தாம் படி எதற்கு?" என்று கேட்டார்கள். மூன்றாம் படியில் நின்றவர் சந்தையிற் பிழைக்கலாம். பிறர் மானத்தை வாசித்துச் சொல்ல அது போதாது என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது?

சியேனா நகரத்திலே பிறநாட்டவர்க்கென்றே ஒரு பல்கலைக்கழகம் உண்டு. அது நடத்தும் 'சில்ஸ்' என்னும் பரீட்சையையே நாம் தேர்ந்தோம். கேட்டல், வாசித்தல், இலக்கண அமைப்பு, எழுதுதல், பேசுதல் என ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 11 பெறவேண்டும். ஒன்றில் மிகுந்து மற்றொன்றிற் குறைந்தால் ஈடு செய்ய இயலாது. தவறிய பகுதியை மட்டும் ஒன்றரை ஆண்டுக்குள் மறுபடி எழுதலாம் என்பது ஓர் ஆறுதல்.

அம்மையாரின் பயிற்சி கடுமையானது. முதலில் இரண்டு சொற்களை எமக்கு விலக்கினார். 'பொருள்' என்ற கருத்துள்ள 'கோஸா', 'செய்தல்' என்ற கருத்துள்ள 'ஃபாரே' ஆகிய இரண்டுமே அவை. சந்தை மொழியில் எல்லாமே 'கோஸா'தான், எல்லாவற்றையும் 'ஃபாரே'தான். தமிழிலே எதற்கெடுத்தாலும் 'பண்ணு' என்று சொல்லித் தப்புவது போன்ற சோம்பல் அது. வீட்டைக் 'கட்டினோம்', கடிதத்தை 'வரைந்தோம்', பிழையை 'இழைத்தோம்' என்று ஒவ்வொன்றுக்கும் உரிய வினையைத் தேடும்படி ஏவினார். பத்திரிகைச் செய்தியொன்றைத் தினமும் தமிழாக்கி, மறுநாள் அத்தமிழைப் பார்த்து மீண்டும் இத்தாலியமாக்கி, மூலத்தோடு ஒப்பிடவேண்டும். இரவில் இரண்டு நிமிடம் பேசி அதை ஒலிப்பதிவு செய்து, காலையிற் கேட்கவேண்டும். தம் குரலைத் தாமே கேட்பதிலும் பெரிய தண்டனை உலகில் இல்லை.

மரியாதைச் சொல்லும் எம்மை வருத்திற்று. நாம் பெரியோரை 'நீங்கள்' என்று பன்மையால் உயர்த்துகிறோம். இத்தாலியரோ 'லேய்' என்று சொல்லி உயர்த்துகிறார்கள். அதன் நேர்ப்பொருள் 'அவள்' என்பது. மீசை முறுக்கிய பொலிஸ்காரரையும் 'அவள்' என்று விளித்தாலே மரியாதை! எம்மோடு வேலைத் தலங்களிற் பேசியவர்கள் எம்மை எப்போதும் 'நீ' என்றே விளித்தமையால், நாமும் அந்த 'நீ' யை மட்டுமே கற்றிருந்தோம்.

எல்லாவற்றிலும் அரியது, அறிந்ததையும் நினைப்பதையும் பிரித்துச் சொல்லுவது. 'அது உண்மை' என்றால் வினைக்கு ஓர் உரு. 'அது உண்மையென்று நினைக்கிறேன்' என்றால் வேறோர் உரு. நாம் எழுதிய கட்டுரைகள் சிவப்பு மையோடு திரும்பி வந்தன. ஓரத்திலே அம்மையார் திரும்பத் திரும்ப எழுதியது ஒரே கேள்விதான்: "இதை எப்படி அறிவீர்?"

மனம் சோர்ந்தபோது இருவரை நினைத்துத் தேறினோம். ஒருவர் இத்தாலியரின் பெருங்காவிய ஆசிரியரெனத்தக்க மன்ஸோனி. 1827 இல் தமது புகழ்பெற்ற நாவலை வெளியிட்ட பின், அதன் மொழி போதாதென்று கருதிப் புளோரன்ஸ் நகரத்துப் பேச்சைச் செவிமடுத்துக் கற்று, 1840 முதல் 1842 வரை முழுவதையும் திருத்தி வெளியிட்டார். மிலான் நகரத்தவரான அவர் வீட்டிற் பேசியது மிலான் வழக்கும் பிரெஞ்சும். இத்தாலி ஒரே நாடாக இணைந்த 1861 இல், அந்நாட்டவருள் நூற்றுக்கு இரண்டரைப் பேர் அளவினரே இத்தாலியம் பேச வல்லவராயிருந்தனர் என்று மொழியறிஞர் தெ மௌரோ கணக்கிட்டார். அந்நாட்டாரே அரும்பாடுபட்டுக் கற்ற மொழியை நாம் பாடுபட்டுக் கற்பதில் என்ன வெட்கம்?

மற்றவரை வாசகர்கள் நன்கறிவர். 1680 இல் இத்தாலியிலே பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர்தான் அவர். தேம்பாவணி பாடியவர் என்பதற்காக மாத்திரம் நாம் அவரை நினைக்கவில்லை. செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் பேச்சுத் தமிழாகிய கொடுந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் எழுதியவர் அவர். ஏட்டு மொழியும் வீட்டு மொழியும் இரண்டென்று உணர்ந்து இரண்டையும் மதித்தார். அவர் எம் நாவுக்குப் பட்ட கடனை அவர் நாவுக்கு நாம் திருப்பிச் செலுத்துவதாக எண்ணிக்கொண்டோம்.

2019 ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே பரீட்சை எழுதினோம். எழுத்தையே அஞ்சினோம், அதிற் தேறினோம். தவறியது பேச்சிலே, கிடைத்தது 10 புள்ளி. முதியோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமையா, அரசின் கடமையா என்று கேட்டார்கள். நாம் கற்ற ஐய உருக்கள் யாவற்றையும் அள்ளிக் கொட்டினோம். 'இப்படியும் இருக்கலாம், அப்படியும் கூறுவர்' என்று சொல்லிச் சொல்லி, எமது அபிப்பிராயம் இன்னதென்று கூறாமலே முடித்துவிட்டோம்.

அம்மையாரிடம் முறையிட்டோம். அவர் சிரித்து, "முன்பு அறியாததை அறிந்ததாகச் சொன்னீர். இப்போது அறிந்ததையும் அறியாததுபோற் சொல்லுகிறீர். இரண்டும் ஒரே பிழைதான். உமக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டார்.

இருந்தது ஒன்று. இரண்டு ஆண்டுகளாக அதை எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தோம். பையன் குற்றமற்றவன் என்று ஊர் அறிந்த பின்னும், பழி பத்திரிகையின் மேலேயே கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனையும் அழைத்துக்கொண்டு பலசரக்குக் கடைக்குப் போனோம். வழக்கமாகக் கூடுவோர் கூடியிருந்தனர். பத்திரிகைத் துண்டை எடுத்து விரித்து, அதில் இருந்ததை இருந்தபடியே வாசித்தோம். "அன்று பத்திரிகை 'திருடினானாம்' என்றுதான் எழுதியிருந்தது. 'ஆம்' என்பதை விழுங்கியவர் நாம். பிழை எம்முடையது" என்று சொன்னோம். அதைச் சொல்ல ஐய உரு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பையன் ஒன்றும் பேசவில்லை. தேநீர் வந்தபோது முதற் கோப்பையை எடுத்து எம்மிடம் நீட்டினான். அவனது இழப்பு அதனால் ஈடாகிவிட்டதென்று நாம் சொல்லமாட்டோம்.

மார்கழியிலே பேச்சுப் பகுதிக்கு மறுபடியும் தோற்றித் தேறினோம். சான்றிதழ் அலுமாரிக்குள் இருக்கிறது. கடிதங்களும் பத்திரிகைகளும் இன்றும் எம்மிடமே வருகின்றன. முன்னிலும் மெதுவாகத்தான் வாசிக்கிறோம். அதைக் குறித்துக் கடையிலே கேலியும் உண்டு. எந்தச் செய்தியை எடுத்தாலும் மூலையில் இருக்கும் முதியவர் ஒருவர் வாய் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முதலிற் கேட்பது இதுதான்:

"தம்பி, உதிலை 'ஆம்' இருக்கோ, இல்லையோ?"